கல் சதுரங்க செட்: எதில் வைப்பது, எப்படிக் காப்பது?

கறுப்புக்குதிரை64

எல்லோருக்கும் வணக்கம். ஆக்ராவில் செய்த கல் சதுரங்க செட் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். விவரம் இதுதான்.

பலகை வெள்ளை மார்பிள். 38 செ.மீ. சதுரம், ஒன்றரை செ.மீ. கனம். கறுப்புக் கட்டங்களும் ஓரத்துப் பூ வேலையும் பதித்தவை. காய்கள் 32-ம் இருக்கின்றன. வெள்ளைக் காய்கள் மார்பிள் போலத் தெரிகின்றன. கறுப்புக் காய்களைத் தொட்டால் சோப்புக் கட்டியைத் தொட்ட வழவழப்பு. ராஜாவின் உயரம் 9 செ.மீ.

இப்போது சிவப்பு வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டியில் எல்லாக் காய்களும் ஒன்றாகக் கிடக்கின்றன, பலகை பெட்டியின் மேலே. வீடு சென்னையில், கடலுக்குப் பக்கம். வெல்வெட்டில் பூஞ்சை வாடை வருகிறது. இரண்டு வெள்ளைச் சிப்பாய்களில் இளஞ்சிவப்பாகக் கறை. கறுப்பு ராஜாவின் உச்சிச் சிலுவை ஒடிந்துவிட்டது, துண்டு இருக்கிறது. அடியில் ஒட்டிய பச்சை ஃபெல்ட் பாதிக்கு மேல் கழன்றுவிட்டது.

பெட்டியை மாற்ற வேண்டுமா? சிலிகா ஜெல் போதுமா? கறுப்புக் காய்கள் வெளுத்துக்கொண்டே வருகின்றன, எண்ணெய் தடவலாமா? ஒடிந்ததை எதைக் கொண்டு ஒட்டுவது?

---

உளிமுனை

முதலில் எந்தக் கல் என்று உறுதி செய்யுங்கள். ஒரே செட்டில் இரண்டு மூன்று வகைக் கல் இருப்பது சகஜம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றைக் கெடுக்கும்.

சோதனை எல்லாம் காயின் அடிப்பாகத்தில், ஃபெல்ட் மறைக்கும் இடத்தில் மட்டும். நகத்தால் அழுத்திக் கீறுங்கள். நகத்தின் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் அளவு) சுமார் 2.5. கீறல் விழுந்து மாவு போல வந்தால் அது மாக்கல், அதாவது நம் வீட்டுக் கல்சட்டி செய்யும் அதே கல் இனம். ஆக்ரா கடைகளில் 'கோராரா' என்பார்கள். மார்பிள் என்பது கால்சைட் என்ற கனிமம், கடினம் 3. நகத்துக்கு மசியாது, கத்தி முனைக்கு மசியும்.

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மார்பிளில் பொடிக் குமிழி எழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். உடனே நீர் தொட்டுத் துடைத்துவிடுங்கள், பளபளப்பு அங்கே போயிருக்கும். அதனால்தான் அடிப்பாகம் என்றேன். மாக்கல்லில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

நகத்துக்கும் மசிகிறது, சாற்றுக்கும் குமிழி இல்லை, ஆனால் வழவழப்பும் இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் மெழுகுபோல ஒளி ஊடுருவுகிறது என்றால் அது அலபாஸ்டராக இருக்கலாம். இத்தாலியின் வோல்தெர்ரா ஊரில் செய்யும் செட்டுகள் இந்த வகை. அது ஜிப்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். அதை ஈரத்துணியால் தேய்க்கவே கூடாது, தேய்த்த இடம் மங்கிவிடும். உங்களுடையது ஆக்ரா செட் என்பதால் வாய்ப்புக் குறைவு, என்றாலும் இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

அடுத்தது சாயம். கறுப்பு மாக்கல் காய்களில் பல, வெளிர் கல்லைக் கடைந்தபின் சாயம் ஏற்றி மெழுகு பூசியவை. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து அடியில் உருட்டுங்கள். கறுப்பு ஏறவில்லையென்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து மறுபடி உருட்டுங்கள். அதிலும் ஏறவில்லையென்றால் கல்லின் சொந்த நிறமாக இருக்கும். ஏறினால் அந்தக் காய்களுக்கு ஆல்கஹால், அசிட்டோன், உப்புத்தாள் எதையும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கறுப்பு வெளுப்பதற்குச் சாயம் மங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணம் இன்னும் அடிக்கடி நடப்பது: மாக்கல் காய்கள் ஒன்றோடொன்றும் மார்பிளோடும் உரசி, நுண்ணிய கீறல்கள் விழுந்து, அதில் ஒளி சிதறிச் சாம்பல் நிறமாகத் தெரிவது. வெளுத்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். ஈரத்தில் கறுப்பு திரும்பினால் அது கீறல்தான், சாயம் போகவில்லை.

---

பேழைப்பொறுப்பு

உளிமுனை சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள், சார். பெட்டி பற்றி நான் சொல்கிறேன்.

கல்லுக்குச் சென்னை ஈரம் பெரிய எதிரி இல்லை. கல்லைச் சுற்றி நாம் வைக்கிற பொருள்களுக்குத்தான் அது எதிரி. வெல்வெட் ஈரத்தை இழுத்துச் சாயத்தை விடுகிறது, அடியில் உள்ள பசையில் பூஞ்சை பிடிக்கிறது, அந்தச் சாயம் மார்பிளின் நுண்துளைக்குள் போகிறது. உங்கள் சிப்பாய்களில் உள்ள இளஞ்சிவப்பு பெரும்பாலும் இதுதான். ஆகவே அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டிக்கே மதிப்பு உண்டென்றால் காலியாகத் தனியே வையுங்கள்.

மாற்றாக, கிளிப் மூடி உள்ள பாலிப்ரோப்பிலீன் பெட்டி, உள் அளவு சுமார் 42 × 30 × 16 செ.மீ., ஏறக்குறைய 20 லிட்டர். உள்ளே வெள்ளை இபிஇ ஃபோமில் (பாலிஎத்திலீன் ஃபோம்) இரண்டு தட்டு: வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. சாயம் ஏற்றிய கறுப்பும் வெள்ளை மார்பிளும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது.

தட்டு செய்யும் விதம். 40 × 26 செ.மீ. அளவில் 40 மி.மீ. கனத் தகடு, அதே அளவில் 20 மி.மீ. கனத் தகடு. தடித்ததில் குழிகளை அடிவரை வெட்டியெடுத்து, மெல்லியதன் மேல் க்ளூ கன்னால் ஒட்டுங்கள். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு குழி. முதல் வரிசையில் ராஜா, ராணி, இரண்டு மந்திரி. இரண்டாவதில் குதிரைகளும் யானைகளும். மற்ற இரண்டும் சிப்பாய்களுக்கு. குழியின் அகலம் காயின் அடி விட்டத்தைவிட அரை செ.மீ. கூடுதல். உங்கள் ராஜா 9 செ.மீ. என்றால் குழி நீளம் 10. குழிகளுக்கு இடையே 1.5 செ.மீ. சுவர் விடுங்கள். அதற்குக் குறைந்தால் ஃபோம் வளைந்து காய்கள் முட்டும்.

காய்களைப் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் பெட்டியைத் தூக்கும்போது உச்சி மூடியில் இடிக்கும். படுத்த காயின் தலைப்பக்கம் ஃபோமைத் தொடாமல் வெற்றிடம் இருக்க வேண்டும். காயின் பாரத்தை அடியும் இடுப்பும் தாங்கட்டும். ராஜாவின் சிலுவை, மந்திரியின் நுனி, குதிரையின் காது மூன்றும் எதன் மீதும் சாயக் கூடாது. கடைசல் வேலையில் கழுத்துதான் மெலிந்த இடம், அடுத்தபடி உடைவது அங்கேதான். குதிரை மட்டும் கடைசலில் வராது, செதுக்கு வேலை. அதன் முகமும் காதும் துருத்தி நிற்கும், குழியை அதன் உருவத்துக்கு ஏற்ப அகலப்படுத்துங்கள்.

குழிக்குள் மெல்லிய வெள்ளை மல் துணி விரியுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அது வெள்ளிமீன் பூச்சிக்குச் சாப்பாடு, ஈரத்தில் பூஞ்சைக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி நன்றாகக் காயவைத்தபின் போடுங்கள். சாயத்துணி எதுவும் வேண்டாம், பட்டு உட்பட.

சேர்க்கக் கூடாதவை: மஞ்சள் ஸ்பாஞ்ச் (பாலியூரிதேன்), சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிக் கல்லில் ஒட்டும். ரப்பர் வளையமும் ரப்பர் பாயும் வெள்ளைக் கல்லில் பழுப்புத் தடம் விடும், அதை எடுப்பது மிகக் கடினம். செய்தித்தாளில் மையும் அமிலமும் உண்டு. நாப்தலின் உருண்டை, கற்பூரம் ஆகியவற்றின் ஆவி மெழுகையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். புது ப்ளைவுட் அல்லது எம்டிஎஃப் பெட்டியிலிருந்து வரும் அமில வாடையும் கால்சைட்டுக்கு ஆகாது. சங்கு, சிப்பி சேகரிப்பவர்கள் மர அலமாரியில் வெண்பொடி பூப்பதைப் பார்த்திருப்பார்கள், அதே வேதியியல்தான் இங்கும்.

சிலிகா ஜெல் 20 லிட்டர் பெட்டிக்கு 150 கிராம் போதும். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள், ஈரம் பிடித்தால் பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வீட்டில் வேண்டாம். மல் துணிப் பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள், காய்களைத் தொடாமல். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று உள்ளே போடுங்கள். 45 முதல் 60 சதவீதத்துக்குள் நின்றால் போதும். 65-ஐத் தாண்டினால் ஜெல்லை வெளியே எடுத்து ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றித் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். பெட்டியை மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறீர்கள். வெயில் நாளில், காய்கள் முழுக்க உலர்ந்தபின் அடுக்குங்கள்.

---

உளிமுனை

பேழைப்பொறுப்பு பலகையை விட்டுவிட்டார், நான் சேர்க்கிறேன்.

38 × 38 × 1.5 செ.மீ. என்றால் 2,166 கன செ.மீ. மார்பிளின் அடர்த்தி 2.7. ஆகவே பலகை மட்டும் கிட்டத்தட்ட 5.8 கிலோ. காய்கள் எல்லாம் சேர்ந்தே ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோதான் வரும். இந்த இரண்டும் ஒரே பெட்டியில் போகக் கூடாது, பலகை காய்ப்பெட்டியின் மேலே இருக்கவும் கூடாது.

கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரண்டு முனையில் மட்டும் தாங்கு கொடுத்துக் கிடத்தினால் நடுவில் விரிசல் விடும். படுக்க வைப்பதானால் அடி முழுக்கச் சமமான தளம் வேண்டும்: 12 மி.மீ. பழைய ப்ளைவுட், அதன் மேல் 10 மி.மீ. இபிஇ. தூக்கும்போது செங்குத்தாக, விளிம்பு கீழே வரும்படி. கிரானைட் கடையில் பலகைகளை ஏன் நிற்க வைத்தே கொண்டுபோகிறார்கள் என்று கவனியுங்கள். ஒற்றைக் கல்லால் ஆன பலகையை அப்படி நிறுத்தியும் வைக்கலாம், அடியில் இரண்டு ஃபோம் பட்டைகள் கொடுத்து. உங்களுடையது கட்டங்கள் பதித்தது. பசையை நம்பி நிற்பதால் படுக்க வைப்பதே நல்லது. காய்கள் மேலே இருக்கும்போது பலகையை நகர்த்தாதீர்கள்.

பூ வேலை உள்ள ஓரத்தை ஊற வைக்க வேண்டாம். பச்சைக் கல் மாலகைட்டாக இருந்தால், நீலக் கல் லாபிஸாக இருந்தால் அவையும் அமிலத்துக்கு ஆகாதவை. நீர் பசையில் இறங்கினால் துண்டுகள் கழலும். ஏதாவது உதிர்ந்தால் எந்தக் குழியிலிருந்து என்று எழுதிச் சின்ன உறையில் போட்டு வையுங்கள்.

வெயில் விழும் ஜன்னலோரம் காட்சிக்கு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்சைட் படிகம் சூடேறினால் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் சற்றுச் சுருங்கும். தினமும் காய்ந்து குளிர்ந்தால் துகள்களுக்கு இடையிலான பிடிப்பு தளரும். ஹெல்சிங்கியில் ஆல்வர் ஆல்ட்டோ கட்டிய ஃபின்லாந்தியா அரங்கின் இத்தாலிய கராரா மார்பிள் பலகைகள் வளைந்துபோய், 1990-களின் இறுதியில் முழுக்க மாற்றப்பட்டன. மாற்றியவையும் வளைந்தன. அறைக்குள் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மெல்லிய பலகைக்கும் பசைக்கும் சாயம் ஏற்றிய காய்க்கும் நேர் வெயில் நல்லதல்ல.

---

மாக்கல்சட்டி

எண்ணெய் கேள்விக்கு வருகிறேன். கல்சட்டியைப் பழக்குவதற்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சி ஊற்றி வைப்போம். அதைப் பார்த்துக் காய்களுக்கும் அதையே செய்கிறார்கள். செய்யாதீர்கள். சட்டி தினமும் அடுப்பில் சூடாகிறது, எண்ணெய் இறுகுகிறது. காய்க்கு அந்தச் சூடு இல்லை. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் அப்படியே நின்று சிக்கு வாடை அடிக்கும், தூசியைப் பிடிக்கும், ஃபெல்ட் பசையையும் கழற்றும்.

மாக்கல் காய் கீறலால் வெளுத்திருந்தால், சாயம் இல்லை என்று உறுதியானபின், நீர் உப்புத்தாள் 600, 1000, 2000 என்ற வரிசையில், தண்ணீரில் நனைத்து, விரலின் அழுத்தம் மட்டும் கொடுத்துத் தேய்க்கலாம். மாக்கல் மிக மெது, 400-க்குக் கீழே போனால் வடிவமே மாறும். உலர்ந்தபின் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் காய்க்கு இரண்டு மூன்று துளி, பருத்தித் துணியில் தொட்டுத் தடவி அரை மணி நேரம் விட்டு, துணியில் ஈரம் வருவது நிற்கும் வரை துடைத்துவிடுங்கள். இதுவும் நிரந்தரம் இல்லை.

மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு இருந்தால் எண்ணெயே வேண்டாம். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் வகை அது. அரிசி அளவு மெழுகு ஒரு காய்க்கு அதிகம். வட்டமாகத் தடவி, சில நிமிடம் கழித்துச் சுத்தமான துணியால் மெருகேற்றினால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை. சாயம் ஏற்றிய காய்க்கு முதலில் அடியில் சோதியுங்கள், இந்த மெழுகில் கலந்த கரைப்பான் சில சாயங்களை இழுக்கும்.

வெள்ளை மார்பிளுக்கு எந்த எண்ணெயும் கூடவே கூடாது. மஞ்சளித்துப் போகும், திரும்ப வெளுக்காது.

---

கறுப்புக்குதிரை64

மூவருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன். வெள்ளை மார்பிள்தான், குமிழி வந்தது. கறுப்பு மாக்கல், தண்ணீரில் சாயம் வரவில்லை, ஆல்கஹாலில் லேசாக வருகிறது. ஈரத்தில் கறுப்பு திரும்புகிறது. இளஞ்சிவப்புக் கறை, சிலுவை, ஃபெல்ட் மூன்றும் பாக்கி.

---

பேழைப்பொறுப்பு

ஆல்கஹாலில் வருகிறது என்றால் உப்புத்தாளை மறந்துவிடுங்கள். தேய்த்தால் அடியில் உள்ள வெளிர் கல் தெரியும். ஈரத்தில் கறுப்பு திரும்புவதால் சாயம் கீழே இருக்கிறது. லிக்விட் பாரஃபின் மட்டும் போதும், கீறல் மறையும்.

கறைக்குப் பற்றுப் போடுங்கள். முதல் முறை வெறும் காய்ச்சி வடித்த நீர். வெள்ளை டிஷ்யூ தாளை நீரில் கிழித்துக் கூழாக்கி, பிழிந்து, கறையைவிட ஒரு செ.மீ. அகலமாக, அரை செ.மீ. கனத்தில் அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி 12 மணி நேரம். பிறகு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் கூழ் தானாக முழுக்க உலரும்வரை கை வைக்காதீர்கள். வேலை நடப்பது அந்த உலர்தலில்தான்: நீர் கல்லுக்குள்ளிருந்து வெளியே வரும்போது சாயத்தைக் கூழுக்குள் கொண்டுவருகிறது. பலர் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள்.

இரண்டு முறைக்குப் பிறகும் நின்றால் நீருக்குப் பதில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கேட்டால் கொடுப்பார்கள். கையுறை அவசியம். முதலில் அடியில் சோதியுங்கள், மெருகு சற்று மங்கலாம். கறை சிவப்பாக இல்லாமல் துருப்பழுப்பாக இருந்தால் பெராக்சைடு வேண்டாம். இரும்புக் கறையை அது கூட்டிவிடும். வினிகர், எலுமிச்சை, புளி, பற்பசை, கழிவறை அமிலம் எதுவும் மார்பிள் பக்கம் வரக் கூடாது. அன்றாடச் சுத்தத்துக்கு அரை லிட்டர் நீரில் இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு, பிறகு வெறும் நீர், பிறகு உலர்துணி.

---

உளிமுனை

சிலுவை. உடைந்த முகங்களைப் பொருந்துகிறதா என்று உரசிப் பார்க்காதீர்கள். மாக்கல்லில் ஒவ்வொரு உரசலிலும் பொடி உதிர்ந்து இணைப்பின் கூர்மை போகும். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) வேண்டாம். உடனே பிடிக்கும், சரிசெய்ய நேரம் தராது, சுற்றிலும் வெண்படலம் பூக்கும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். பாதுகாப்பு வல்லுநர்கள் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவார்கள், அசிட்டோனில் திரும்பக் கரைத்து எடுக்கலாம் என்பதால். ஆனால் அந்த அசிட்டோன் உங்கள் சாயத்தையும் தொடும். இந்தக் காய்க்கு 24 மணி நேரத்தில் இறுகும் இரு கலவை எபாக்சியே பொருத்தம். ஐந்து நிமிட வகை வேண்டாம், அது பிடிப்பிலும் குறைவு, சீக்கிரம் மஞ்சளாகும். குண்டூசித் தலையளவு, உடைந்த முகத்தின் நடுவில் மட்டும். அழுத்தினால் விளிம்புவரை பரவும், வெளியே வழியாது. ஒரு கிண்ணத்தில் மணல் நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ராஜாவைச் செங்குத்தாகப் புதைத்துச் சிலுவையை மேலே வையுங்கள். தன் எடையாலேயே உட்காரும். வழிந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில், ரப்பர் பதத்தில், மரக்குச்சியால் நீக்குங்கள்.

பின்னாளில் குதிரையின் கழுத்து உடைந்தால் பசை மட்டும் நிற்காது. 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி, இரு பக்கமும் 5 மி.மீ. ஆழத் துளை. மாக்கல்லைக் கைத்துரப்பணத்தாலேயே துளைக்கலாம். இரும்புக் கம்பி கூடாது, துருப்பிடித்து ஊதிக் கல்லைப் பிளந்துவிடும்.

ஃபெல்ட்டுக்குப் பழைய பசையை விரலால் உருட்டி எடுங்கள், மிச்சத்தை வெள்ளை அழிப்பானால். வெள்ளைக் காய்க்கு வெள்ளை அல்லது சாம்பல் நிற ஃபெல்ட், 1 மி.மீ. கனம், பச்சை வேண்டாம். அடி விளிம்பிலிருந்து சுற்றிலும் 1 மி.மீ. உள்ளே வரும்படி வெட்டுங்கள். வெளியே நீண்டால் விரல் பட்டுப் பட்டுக் கழலும். ஸ்டிக்கர் ஃபெல்ட்டின் பசை சென்னைச் சூட்டில் வழுக்கி நகரும். வெள்ளை மரப்பசையை மெல்லிய படலமாகத் தடவி, ஒரு நாள் நிற்க வைத்தால் இறுகும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அடியில் பத்து நிமிடம் வைத்தால் கழன்றுவிடும். கறுப்புப் பக்கத்தை முதலில் முடியுங்கள். மாக்கல் அடி ஃபெல்ட் இல்லாமல் மார்பிள் பலகையில் நகர்ந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தேய்வது காய்தான்.

---

மாக்கல்சட்டி

ஒன்று விட்டுப்போனது. பாரஃபினைத் தடவுவதற்கு முன் சிலுவையை ஒட்டி, ஃபெல்ட்டையும் ஒட்டிவிடுங்கள். எண்ணெய் பட்ட மாக்கல்லில் எந்தப் பசையும் பிடிக்காது.